விளிம்பு வைத்த ராக்கை

என் அன்பு வாப்பாவுக்கு ஸலாம். உங்களை அடக்கிய மையவாடிக்குப் பெண்கள் நாங்கள் வருவதில்லை. அதனால் உங்களிடம் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் தச்சு வேலை செய்ததை அடிக்கடி சொல்வீர்கள். கடலில் கண்ணிவெடி போடும் கப்பல் ஒன்று வந்ததாம். அதன் தளத்தில் ரயில் பாதைபோல் தண்டவாளம். கண்ணிகளை அதில் உருட்டிக்கொண்டுபோய்ப் பின்பக்கக் கதவால் கடலில் தள்ளுவார்களாம். அதைப் படகுகள் திருத்தும் கப்பலாக மாற்றச் சொன்னார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்த இடத்தில் பட்டறை மேசையும், சாமான் வைக்கும் ராக்கையும் நீங்கள் அடித்தீர்கள். கப்பல் ஆடினாலும் எதுவும் விழாதபடி ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு விளிம்பு.

சுதந்திரம் வந்து, கடலே இல்லாத நம் மாத்தளைக்குத் திரும்பிய பிறகும் உங்கள் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. என் புத்தக ராக்கைக்கும் விளிம்பு வைத்தீர்கள். புத்தகத்தை எடுக்கவே சிரமம் என்று நான் முணுமுணுப்பேன்.

உம்மா சிரிப்பார். “மாத்தளையில எங்கங்க அலை அடிக்குது?”

“அலை சொல்லிட்டா வரும்?” என்பீர்கள்.

ஒருநாள் மட்டும் சிரிக்கவில்லை. “கப்பலை மாத்திட்டோம் புள்ள. அது முன்னாடியே போட்ட கண்ணியெல்லாம் யாரு எடுத்தாங்களோ?” என்றீர்கள். எடுத்திருப்பார்களா, வாப்பா?

நேற்று நீங்கள் போய் நாற்பதாம் நாள்; வீட்டில் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுத்தோம். சாப்பிட்டுக் கை கழுவிய மாமா, உம்மாவின் அண்ணன், ராக்கையைத் தடவிப் பார்த்து, உள்ளறையில் இருந்த உம்மாவிடம் சொன்னார்.

“இது நம்ம கடைக்கு நல்லம். போத்தல் விழாது. ஹாஜரா பெரிய புள்ளையாயிட்டா, இனி என்ன பள்ளிக்கூடம்? புத்தகத்தையெல்லாம் கட்டிப் போடு.”

நான் ராக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் போனதிலிருந்து இத்தா இருந்து வெளியே வராத உம்மா, வெள்ளைச் சேலையோடு உள்ளறையிலிருந்து வந்தார்.

“நானா, இங்க எங்க அலைன்னு நான்தான் அவரைக் கேலி பண்ணுவேன். இப்பதான் அடிக்குது. ராக்கை இங்கயே இருக்கட்டும். புத்தகமும் அதிலயே இருக்கட்டும்.”

“செலவுக்கு என்ன செய்வே?”

“தையல் மெஷின் இருக்கு.”

மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். உம்மா அதன் பிறகுதான் அழுதார்.

இன்று காலை பூமிசாஸ்திரப் புத்தகத்தை எடுக்கும்போது விளிம்பில் விரல் இடித்தது. நான் முணுமுணுக்கவில்லை. அப்படியே பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

படித்து முடிப்பேன், வாப்பா. பிறகு திருகோணமலைக்குப் போய், அந்தக் கண்ணிகளை யார் எடுத்தார்கள் என்று உங்களுக்காக விசாரிப்பேன்.

உங்கள் மூத்த மகள்,
ஹாஜரா