முறையான அழைப்பு

பதிவு 301
மேல் நிலையம், நிலவின் தென்முனை முகடு. காலை 6.00. ஆள்: ஒருவர்.

சூரியத் தகடுகள் சரி. பேட்டரி அடுக்குகள் மூன்றும் சரி. கீழ் நிலையத்துக்குப் போகும் மின்கேபிள் சரி. ரேடியோ ஏற்பி சரி. காற்று வடிகட்டியில் மட்டும் ஒரு நாற்றம். காரணம் கீழே.

இந்தப் பதிவுகளைத் தலைமையகத்தில் யாரும் படிப்பதில்லை. ஆகவே எனக்குப் பிறகு இங்கே வருகிறவருக்காக எழுதுகிறேன். என் பெயர் தெய்வநாயகம். ஊர் பாளையங்கோட்டை. ரேடியோ வானியலில் முனைவர் பட்டம். வானத்தின் தென்கோடியிலிருந்து ஒரு மெல்லிய துடிப்பு வருகிறது என்று முதலில் சொன்னவன் நான். அது கருவியின் இரைச்சல் என்று நிறைந்த சபையில் சிரித்துக்கொண்டே சொன்னவர் பரசுராமன். இன்று அவர் இயக்குநர். நான் இங்கே இருக்கிறேன்.

முகட்டில் வெயில் உண்டு, தண்ணீர் இல்லை. பதினொரு கிலோமீட்டர் கீழே, வெயிலே படாத பள்ளத்தில் பனிக்கட்டி உண்டு, மின்சாரம் இல்லை. நான் கேபிளில் மின்சாரம் அனுப்புகிறேன். கீழே துளையிடும் பொறியாளர் ஜெசிந்தா பர்னாந்து சுமைவண்டியில் பனிக்கட்டி அனுப்புகிறார். வண்டிக்கு ஓட்டுநர் கிடையாது. கீழ் நிலையத்திலிருந்து வரும் வழிகாட்டிச் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு தானாக ஏறும், தானாக இறங்கும். முன்பு இரண்டு இடத்திலும் நான்கு நான்கு பேர் இருந்தார்கள். இப்போது ஒவ்வொருவர். சிக்கனமாம்.

நேற்று பனிக்கட்டிப் பெட்டிக்குள் ஒரு பொட்டலம் இருந்தது. நெத்திலிக் கருவாடு. மதியப் பேச்சை உள்ளபடி பதிகிறேன்.

கீழ்: "சார்வாள், சாப்பிட்டாச்சா?"
மேல்: "தொழில்நுட்ப விவரம் மட்டும் சொல்லவும்."
கீழ்: "சாப்பிடாட்டி தொழிலும் இல்ல, நுட்பமும் இல்ல. பொட்டலம் வந்துச்சா?"
மேல்: "நான் சைவம், மேடம்."
கீழ்: "அய்யய்யோ! சரி, மோந்து பார்த்துட்டு ஓரமா வைங்க. எங்க தூத்துக்குடி கடல் அதுலதான் இருக்கு. ஆனா ஒண்ணு சார். பெட்டியை வெறும் பெட்டியா திருப்பி அனுப்பாதீங்க. வந்த நாள்லருந்து அப்படித்தான் அனுப்புறீங்க. எங்க ஊர்ல பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக்கூட வெறுமனே குடுக்க மாட்டாங்க."

மாலையில் வண்டி இறங்கியபோது பெட்டிக்குள் சுக்குப்பொடி கொஞ்சம் மடித்து வைத்தேன். பதிவுக்காகச் சொல்கிறேன்.

பதிவு 318
மேல் நிலையம். பிற்பகல் 2.10. ஆள்: ஒருவர்.

எல்லாம் சரி. குளிர்காலம் நெருங்குகிறது. சூரியன் தொடுவானத்தில் உருளுகிறது. சீக்கிரமே கீழே இறங்கிவிடும். பிறகு முகட்டிலும் இருட்டு. அதற்காகத்தான் நான் ஆண்டு முழுதும் காத்திருக்கிறேன். சூரியனின் இரைச்சல் அடங்கிய அந்த இருட்டில் மட்டும்தான் என் துடிப்பு சுத்தமாகக் கேட்கும். இருட்டுக்காலம் முழுதும் ஏற்பி ஒரு நிமிடமும் நிற்காமல் பதிந்தால் பரசுராமனால் பிறகு வாய் திறக்க முடியாது. நடுவில் அறுந்தால் அத்தனையும் குப்பை.

சாப்பாட்டு நேரத்தில் ரேடியோவைத் திறந்து வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. விதியில் இல்லை. அவர் கரண்டி தட்டில் படும் சத்தம் எனக்குக் கேட்கும். என் சத்தம் அவருக்குக் கேட்கும்போலிருக்கிறது. "மெதுவா மெல்லுங்க, ரயில் ஒண்ணும் போகல" என்றார் ஒருமுறை.

கீழ்: "புருஷன் போனப்புறம் ஆறு வருஷம் அண்ணன் வீட்ல இருந்தேன் சார். யாரும் போன்னு சொல்லல. யாரும் இருன்னும் சொல்லல. காலைல எந்திரிச்சு எந்த டம்ளர்ல காப்பி குடிக்கிறதுன்னு யோசிப்பேன்."
மேல்: "பிறகு?"
கீழ்: "பிறகென்ன. வான்னு வாய் நிறையக் கூப்பிடாத வீட்டுப் படி ஏறுறதில்லைன்னு முடிவு பண்ணேன். அப்புறம் ஏறினது ராக்கெட்டுதான்."

நானும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. என் தங்கை கோமதி. அவள் மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். பத்திரிகை கூரியரில் வந்தது. நேரில் வந்து தாம்பாளம் வைத்து அழைக்கவில்லை. நான் போகவில்லை. அதற்குப் பிறகு பேச்சும் இல்லை.

கீழ்: "தாய்மாமனுக்குக் கூரியரா! தப்புதான் சார். பெரிய தப்பு."
மேல்: "நீங்களாவது ஒத்துக்கொள்கிறீர்களே."
கீழ்: "ஆனா அந்தப் புள்ள என்ன பண்ணிச்சு? மாமன் மாலை விழாத கழுத்தோட மணவறைல உட்கார்ந்திருக்கும்."

தொடர்பைத் துண்டித்தேன். இவருக்கு ஏன் சொன்னேன்!

பதிவு 319
மேல் நிலையம். பிற்பகல் 1.00. ஆள்: ஒருவர்.

கீழ்: "என்ன சார்வாள், கோபம் தீர்ந்துச்சா, இல்ல எனக்கும் கூரியர்தானா?"

சிரிப்பு வந்துவிட்டது. ஒலிவாங்கியை மூடிக்கொண்டு சிரித்தேன். எல்லாம் சரி.

பதிவு 327
மேல் நிலையம். காலை 9.40. ஆள்: ஒருவர்.

மூன்றாம் பேட்டரி அடுக்கு செத்துவிட்டது. உள்ளே வெடிப்பு. சரிசெய்ய முடியாது. இதை மாற்றச் சொல்லி நான் எழுதிய கடிதங்கள் எந்த மேஜையில் கிடக்கின்றனவோ. மீட்புக் கப்பல் இருட்டுக்காலம் முடிந்தபிறகுதான்.

மிஞ்சியிருக்கிற இரண்டு அடுக்குகளால் இரண்டு நிலையங்களையும் இருட்டில் சூடாக வைத்திருக்க முடியாது. ஒன்றை முடியும். பூமியோடு பேசும் ஆண்டெனா என்னிடம். ஆகவே தலைமையகம் முடிவு செய்துவிட்டது.

தலைமையகம்: "நாளை மாலை கீழ் நிலையத்துக்கான மின்சாரம் இங்கிருந்தே துண்டிக்கப்படும். கீழ் நிலையப் பணியாளர் அதற்குள் சுமைவண்டியில் மேல் நிலையத்துக்கு இடம்பெயர வேண்டும்."

வண்டி இப்போது மேலே, என்னிடம் நிற்கிறது. அவர் கேட்ட உடனே இறக்கலாம். இரண்டாவது படுக்கையில் குவித்திருந்த வரைபடங்களை எடுத்தேன். போர்வையை உதறினேன். கருவாட்டுப் பொட்டலத்தை வெளியறைக்கு மாற்றலாமா என்று யோசித்து, அவர் பொருள்தானே என்று அலமாரியிலேயே வைத்தேன். பொட்டலத்தைப் பிரித்த நாளிலிருந்து அந்த அலமாரி நாறுகிறது.

மாலை 5.30. தலைமையகத்தின் உத்தரவை அப்படியே அவருக்கு அனுப்பினேன். என் பங்குக்கு ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. தலைமையகம் கேட்டுக்கொண்டிருக்கும் அலைவரிசையில் என்ன எழுதுவது?

கீழ்: "உத்தரவு வந்துச்சு. நீங்க என்ன சார் சொல்றீங்க?"
மேல்: "விதிப்படி செய்யவும்."
கீழ்: "இங்க அவசர பேட்டரி ஒண்ணு இருக்கு. நான் சமாளிச்சுக்கிறேன். உங்களுக்கு எதுக்கு சிரமம்."
மேல்: "உங்கள் விருப்பம்."

என்னோடு ஒரே கூரையின் கீழ் இருக்க அவருக்கு இஷ்டமில்லை. நல்லது. படுக்கையில் வரைபடங்களைத் திரும்பப் போட்டேன்.

பதிவு 329
மேல் நிலையம். பிற்பகல் 1.15. ஆள்: ஒருவர்.

சூரியன் போய்விட்டது. கேபிளைத் துண்டித்துவிட்டார்கள். ஏற்பி பதிகிறது. துடிப்பு தெளிவாக வருகிறது. இவ்வளவு தெளிவாக ஒருநாளும் கேட்டதில்லை. கருவியின் இரைச்சல் அல்ல. நான் சொன்னது சரி. நான் சொன்னது சரி.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போலிருந்தது. பேட்டரியை மிச்சப்படுத்த அவர் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ரேடியோவைத் திறக்கிறார்.

மேல்: "துடிப்பு கிடைத்துவிட்டது."
கீழ்: "அப்படிப் போடுங்க! அந்த பரசுராமன் மூஞ்சில கரியைப் பூசுங்க. சந்தோஷம் சார். சாப்பிட்டாச்சா?"
மேல்: "ஆச்சு. நீங்கள்?"
கீழ்: "ஆச்சு ஆச்சு. வழிகாட்டி சமிக்ஞையை அணைச்சிட்டேன். சும்மா எதுக்கு எரியணும். சுக்குக் காப்பி போட்டுக் குடிச்சேன். நல்லாருக்கு."

பற்கள் தட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

பதிவு 331
மேல் நிலையம். பிற்பகல் 3.00. ஆள்: ஒருவர்.

அவர் சொன்ன அவசர பேட்டரியின் கொள்ளளவை ஆவணத்தில் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். இருட்டுக்காலத்தின் கால்வாசிக்குக்கூடக் காணாது. பொறியாளருக்கு அது தெரியாமலிருக்காது. தெரிந்தேதான் சமாளித்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.

ஒருமணிக்குக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். ஒரு கிளிக் சத்தம் மட்டும் கேட்டது. ஒலிபரப்பும் அளவுக்கு அங்கே மின்சாரம் இல்லை.

"வான்னு வாய் நிறையக் கூப்பிடாத வீட்டுப் படி." என்னிடம்தான் சொன்னார். நான் அனுப்பியது என்ன? அலுவலகச் சுற்றறிக்கை. அவர் நேருக்கு நேர் கேட்டார், நீங்க என்ன சொல்றீங்க என்று. விதிப்படி என்றேன். கோமதியாவது கூரியருக்குள் தன் கைப்பட நாலு வரி எழுதி வைத்திருந்தாள்.

பதிவு 331, தொடர்ச்சி
மேல் நிலையம். மாலை 4.20. ஆள்: ஒருவர்.

வழிகாட்டிச் சமிக்ஞை இல்லாமல் வண்டி தானாக இறங்காது. ஒருவர் ஓட்ட வேண்டும். அது திறந்த வண்டி. கவச உடையில்தான் போக வேண்டும். இப்போதிருக்கிற மின்சாரத்தில் வண்டி இறங்கும், ஏறாது. ஏற்பிக்கு ஒதுக்கியதையும் வண்டிக்கு ஏற்றினால் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு ஏறலாம். ஏறாமலும் போகலாம்.

தலைமையகத்துக்குத் தெரிவித்தேன். பரசுராமனே தொடர்பில் வந்தார். இத்தனை ஆண்டில் அவர் என்னோடு நேரடியாகப் பேசியது இன்றுதான்.

தலைமையகம்: "தெய்வநாயகம், நிலையத்தை விட்டு இறங்க அனுமதி இல்லை. ஏற்பியை நிறுத்தினால் உங்கள் பதிவுக்கு மதிப்பே இல்லை. யாரும் நம்பப் போவதில்லை. நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?"
மேல்: "வேண்டாம்."

இந்த மனிதருக்குச் சொல்ல நான் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எத்தனையோ உண்டு. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நேரமும் இல்லை.

4.35. ஏற்பியை நிறுத்தினேன். சத்தம் நின்றதும் அறை பெரிதாகிவிட்டது போலிருக்கிறது. வண்டிக்கு மின்சாரம் ஏறுகிறது. படுக்கையைத் திரும்பவும் ஒழித்தேன். பெட்டியை வெறுமனே கொண்டுபோகக் கூடாது. சர்க்கரை இருந்தது, வைத்தேன். பூவுக்கும் குங்குமத்துக்கும் இங்கே எங்கே போவது.

கவச உடைப் பதிவு
கேபிள் பாதை, இறக்கம். இரவு 8.05. ஆள்: ஒருவர்.

வண்டி விளக்கு பத்தடிதான் எட்டுகிறது. அதற்கப்பால் கறுப்பு. கேபிள் இடதுபுறம். அது மறைந்தால் நிறுத்துகிறேன், தெரிந்ததும் போகிறேன். கால் விரல்கள் மரத்துவிட்டன. குளிர் எலும்பை அரிக்கிறது. இதில்தான் அவர் உட்கார்ந்து எனக்கு வாழ்த்துச் சொன்னார்.

கவச உடைப் பதிவு
கீழ் நிலையம், வாசல். இரவு 9.50. ஆள்:

கதவில் விளக்கு இல்லை. தட்டினேன். திரும்பத் தட்டினேன். உடையின் சிறு ரேடியோவில் கூப்பிட்டேன்.

அவர்: "யாரு?"

அவரும் கவச உடைக்குள் இருந்தார். கடைசியாகச் சூடு மிஞ்சியிருந்தது அதில்தான்.

நான்: "தெய்வநாயகம்."
அவர்: "சார்? நீங்க எப்படி... உங்க ஏற்பி?"
நான்: "அதை விடுங்க. கூப்பிட வந்தேன். நம்ம வீட்டுக்கு வரணும். சூரியன் வர்ற வரைக்கும் இருக்கணும். அதுக்கப்புறமும் இருக்கலாம்."



அவர்: "தாம்பாளம் எங்க?"
நான்: "பெட்டில சர்க்கரை இருக்கு."
அவர்: "பாளையங்கோட்டைக்காரங்க மரியாதை இவ்வளவுதானா." அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை. "சாப்பிட்டாச்சா சார்?"
நான்: "இல்ல."

இத்தனை மாதத்தில் இன்றுதான் உண்மையைச் சொன்னேன். கதவு திறந்தது.

கவச உடைப் பதிவு
கேபிள் பாதை, ஏற்றம். நேரம் தெரியவில்லை, திரை உறைந்துவிட்டது. ஆள்: இருவர்.

கீழே அவரிடமிருந்த காற்றுக் குப்பிகளை இருவரும் மாற்றிக்கொண்டோம். வண்டி பாதிக்கு மேல் ஏறி நின்றுவிட்டது. நடக்கிறோம். ஒரு கை கேபிளில், ஒரு கை அவர் தோளில். முகட்டில் விளக்கை எரியவிட்டு வந்தேன். இன்னும் தெரியவில்லை.

என்னை விட்டுட்டு நீங்க ஏறுங்க என்கிறார். திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறேன். வாங்க, வாங்க என்று. ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் நாலு எட்டு வைக்கிறார். சர்க்கரைப் பொட்டலத்தை விடாமல் பிடித்திருக்கிறார்.

இதைக் கண்டெடுப்பவருக்கு. மேல் நிலையத்தில் நாங்கள் இல்லையென்றால் கேபிளை ஒட்டியே இறங்கி வாருங்கள். ஒருவரைத் தேட வேண்டாம், இருவரைத் தேடுங்கள். இரண்டாவது படுக்கை அவருடையது. அலமாரியில் இருக்கிற பொட்டலத்தை நாற்றம் என்று எறிந்துவிடாதீர்கள்.

மூச்சு கொஞ்சம்

பாளையங்கோட்டையில் கோமதி என்று என் தங்கை. அவள் மகள். செய்தி சொல்வதானால் போனில் வேண்டாம். கடிதமும் வேண்டாம். யாராவது நேரில் போய்