சேலையை மாற்றச் சொன்னேன்

ஞாயிறு, இரவு.

இன்று அம்மாவை வரைந்தேன். கெம்பஸில் துணி டிசைனோடு சித்திரமும் படிப்பதால், வீட்டு ஆள் ஒருவரைப் பார்த்து வரைந்து வரச் சித்திர மிஸ் சொல்லியிருந்தார்.

நேற்றே சொல்லிவைத்திருந்தேன். பகல் சாப்பாடு முடிந்ததும் அம்மா பவுடர் போட்டு, தலையில் ஒரு ரோஜா வைத்து, நான் முதல் வருஷம் மெழுகுச் சாயத்தில் பத்திக் செய்த சேலையைக் கட்டிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். மெழுகு ஓடிக் கரை கோணிப்போன சேலை. இன்றுதான் முதல் தடவையாகக் கட்டினார்.

"அம்மா, இது வேணாம். ரப்பர் பால் வெட்டப் போற உடுப்ப போட்டுக்கிட்டு வாங்க."

"ஏன் புள்ள, இது நல்லாத்தானே இருக்கு?"

"அந்த உடுப்புதான் மிஸ்ஸுக்குப் புடிக்கும்."

தோட்டத்து ஆட்களை வேலைக் கோலத்தில் யார் வரைந்தாலும் மிஸ் அதை வகுப்புச் சுவரில் மாட்டுவார். எனக்கு அந்தச் சுவர் வேண்டியிருந்தது.

அம்மா எழுந்தார். உள்ளே போய், ரப்பர் பால் காய்ந்து கறுத்த சட்டையோடு திரும்பி வந்தார். லீவு நாளில்.

"பூ மட்டும் இருக்கட்டுமா?"

தலையாட்டினேன். ஆனால் பூவை வரையவில்லை. படத்தைக் காட்டியதும் அம்மா அதைத்தான் தேடினார்.

"பூ வரலியே?"

"வெளிச்சம் போயிருச்சும்மா. காலையில போட்டுர்றேன்."

பொய்.

இப்போது தூங்குகிறார். பூவை எடுக்கவில்லை. அது நசுங்கிவிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பி, ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். நான் எழுதுகிற இந்த லைட் வெளிச்சத்திலேயே பூ நன்றாகத் தெரிகிறது.