விளையாட உரிமையுள்ள பிள்ளை

ஹம்பேர்க்
12.01.2025

அன்புத் தங்கச்சி சயந்தினிக்கு,

நீயும் பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். கையில் போன் இருக்க இவளுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். போன் எடுத்தால் என் மகள் மிதுசா உன் பக்கத்தில் நிற்கிறாள், நீயும் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் கதைக்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் அதை ஜெர்மனில் மாற்றி வாசித்துவிடுகிறாள். என் கையெழுத்தை மட்டும் அவளால் வாசிக்க முடியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பந்துக்குப் பின்னால் ஓடியதில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை இதுதான்.

இங்கே மழையும் இருட்டும். உன் அத்தானுக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை கூடிவிட்டது, முதுகு நோகிறது என்று சொல்லிச் சொல்லியே போய்வருகிறார். மிதுசாவின் அறைக் கதவை நான் சாத்துவதில்லை. சாத்தினால் வீடு இன்னும் சின்னதாகிவிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் ஊர் விளையாட்டுப் பள்ளிக்கூடத்து அணியில் முதல் ஆட்டத்திலேயே தான் கோல் காத்ததாகப் போன கிழமை சொன்னாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவள் எசனுக்கு உன்னிடம் வருமுன் இங்கத்தைப் பயிற்சியாளர் எங்களைக் கூப்பிட்டு விளக்கமாகச் சொன்னவர். தாய் தகப்பன் இருந்த இடத்திலேயே இருக்க, பிள்ளை மட்டும் வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாறினால், அரை வருடம் பயிற்சி மட்டும்தான். ஆட்டத்தில் இறங்க முடியாது. குடும்பம் வீடு மாறி வந்தால்தான் உடனே விளையாடும் உரிமை. கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று பறிக்காமல் இருக்கத்தான் இந்த விதியாம். அரை வருடம் பொறுப்பாள் என்று மனதைத் தேற்றித்தானே உன்னிடம் அனுப்பினோம்?

பிறகு எப்படி விளையாடுகிறாள்? நீ அங்கே என்ன சொன்னாய்? ஒளிக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளி அக்கா
பிறேமா

*

எசன்
19.01.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

தங்கச்சியின் அன்பு. உங்கள் கடிதத்தைத் தபால்பெட்டியில் கண்டதும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து நெஞ்சில் கை வைத்தேன். இனிமேல் உறையின் வெளிப்பக்கத்தில் "எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்" என்று எழுதிவிட்டு அனுப்புங்கள்.

பிள்ளை நன்றாக இருக்கிறாள். பிட்டும் முட்டைப் பொரியலும் என்றால் இரண்டாம் தரமும் கேட்கிறாள். அவளுடைய கையுறைகள் குளியலறை ஹீட்டரில் காய்கின்றன. அந்த மணத்துக்கு வீட்டுக்குள் வர முடியவில்லை, ஆனாலும் எடுத்து வை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர் என்னை விட்டுப் போன நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு பொருளும் இடம் மாறிக் கிடந்ததில்லை, அக்கா.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சேர்க்கப் போன அன்று அலுவலகத்தில் இருந்த பெண் மிதுசாவைக் காட்டி யார் என்று கேட்டாள். "என்ர மகள்" என்றேன். வேறு என்ன சொல்வேன்? அக்காவின் பிள்ளையை யாராவது நம்மில் வேறு மாதிரிச் சொல்வார்களா? அவள் தாய் என்ற இடத்தில் என் பெயரை எழுதினாள். பெயர்கள் பொருந்தவில்லையே என்றுகூடக் கேட்கவில்லை. தமிழ் ஆட்களில் தாய்க்கும் பிள்ளைக்கும் குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதில்லை என்று இந்த ஊருக்குப் பழகிவிட்டது. தாய் எசனில் இருக்கிறாள், பிள்ளை எசனில் பதிந்திருக்கிறாள். அதனால் உடனே விளையாட விட்டுவிட்டார்கள்.

இதில் என்ன பொய்? அணி தொடர்ந்து வெல்கிறது. மாநில இறுதிக்குப் போனால் தேசிய இளையோர் அணிக்குத் தெரிவு செய்பவர்கள் வருவார்களாம். எங்கள் மகள் ஒரு பந்தையும் உள்ளே விடுவதில்லை. நீங்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் காலை நீட்டிப் படுங்கள்.

அன்புத் தங்கை
சயந்தினி

*

ஹம்பேர்க்
26.01.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

காலை நீட்டிப் படுக்கச் சொன்னாய். உன் கடிதத்தை வாசித்த பிறகு எனக்கு இருக்கவும் முடியவில்லை.

நம்மில் அது பொய் இல்லை, எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த அலுவலகத்துக்கு அது பொய். இந்த நாட்டில் கேட்ட கேள்விக்கு அவர்கள் நினைக்கிற பொருளில்தான் பதில் சொல்ல வேண்டும். வதிவிட அனுமதிக்காக வருடக்கணக்கில் தபால்காரனைக் கண்டு நடுங்கியவள் நான். நீ கலியாணம் முடித்து வந்ததால் உனக்கு அந்த நடுக்கம் இல்லை. ஒரு சொல் பிசகினால் பழைய கோப்புகளைக்கூடக் கிண்டுவார்கள் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. இப்போது அந்தப் பயம் பிள்ளையின் தலையில் வந்து நிற்கிறது. பிடிபட்டால் அவளை ஏமாற்றுக்காரி என்பார்கள். அந்தச் சொல் ஒட்டினால் பிறகு எந்த அணி எடுக்கும்?

ஒரு குறையும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் கதைத்துக்கொண்டிருக்கும்போது, "சரி அம்மா, நான் வீட்ட போறன், சின்னம்மா சமைச்சிருப்பா" என்றாள். வீடு என்று சொன்னது உன் வீட்டை. போனை வைத்த பிறகு சமையலறையில் நின்று அழுதேன். நீ நன்றாகப் பார்க்கிறாய் என்பதுதான் அதற்குக் காரணம், அதனால் உன்னைக் கோபிக்கவும் முடியவில்லை.

தயவு செய்து நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய், தாய் ஹம்பேர்க்கில் இருக்கிறாள் என்று சொல்லு. நாங்களாகச் சொன்னால் மன்னிப்பார்கள்.

அக்கா
பிறேமா

*

எசன்
16.02.2025

அக்கா,

நான் போகவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். அரையிறுதி முடியட்டும் என்று நினைத்தேன். வென்றோம்.

தோற்ற பள்ளிக்கூடம் முறைப்பாடு கொடுத்துவிட்டது. அந்த அணியில் விளையாடும் ஒரு பிள்ளைக்கு ஹம்பேர்க்கில் சிநேகிதி இருக்கிறாளாம். மிதுசாவின் தாய் அங்கேதான் இருக்கிறார், கடையில் வேலை செய்கிறார் என்று அந்தச் சிநேகிதி சொல்லியிருக்கிறாள். வியாழக்கிழமை விளையாட்டுச் சங்கத்திலிருந்து மஞ்சள் உறையில் கடிதம் வந்தது. உங்களுக்குத் தெரியும், அந்த மஞ்சள் உறையில் இங்கே நல்ல செய்தி வருவதில்லை. மார்ச் ஆறாம் திகதி மிதுசாவையும் என்னையும் விசாரிப்பார்கள். அரை வருடத் தடையோடு முடியாது, வென்ற ஆட்டங்களையெல்லாம் அழித்துவிடுவார்களாம். மிதுசா பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயப்படுகிறாள். காலையில் வாந்தி எடுத்தாள்.

அக்கா, வழி ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு நாளும் பேனையைத் தூக்கித் தூக்கி வைத்தேன். பிள்ளையின் பொறுப்பைத் தாய் தகப்பன் எழுத்தில் எனக்கு மாற்றி, குடும்ப நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டால், வீடு மாறியது உண்மையாகிவிடும் என்று பள்ளிக்கூட அதிபர் சொன்னார். விசாரணைக்கு முன் அந்தத் தாளைக் காட்டினால் சங்கம் விட்டுவிடும் என்று அவர் நம்புகிறார். தாளை இதற்குள் வைத்திருக்கிறேன். நீங்களும் அத்தானும் கையெழுத்து வைக்கவேண்டும்.

காகிதத்தில் மட்டும்தான் என்று முதலில் எழுதி, பிறகு அதைக் கோடு போட்டு வெட்டிவிட்டேன். எனக்கு அது காகிதத்தில் மட்டும் இல்லை. கோவிலில் ஒரு பெண் "உங்கட மகளே? உங்களை மாதிரியே நடக்கிறா" என்றாள். அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். இப்படியொரு ஆசையோடு உங்களிடம் கையெழுத்துக் கேட்பது எனக்கே பயமாக இருக்கிறது.

சயந்தினி

*

ஹம்பேர்க்
23.02.2025

சயந்தினிக்கு,

உன் அத்தான் வாசித்த உடனே கையெழுத்து வைத்தார். "பதினாறு வயதாகப்போகுது. இன்னும் இரண்டு வருசத்தில தானே தன்ர பாட்டைப் பார்ப்பாள். இந்தத் தாளால அவள் எங்கட பிள்ளை இல்லையெண்டு ஆயிடுமே?" என்று கேட்டார். ஆம்பிளைகளுக்கு எல்லாம் லேசு.

நான் அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி நடந்தேன். உன்னில் கோபம் வந்தது. சின்ன வயதில் என் சட்டை, என் சிலேட்டு, எல்லாம் உனக்கு வேண்டும். அழுதால் அம்மா என்னிடம் வாங்கி உன்னிடம் கொடுப்பா. அதெல்லாம் நினைவு வந்தது. பிறகு, வாந்தி எடுத்தாள் என்று நீ எழுதிய வரியைத் திரும்ப வாசித்தேன்.

சனிக்கிழமை அவளோடு கதைத்தேன். அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அம்மா, நீங்க சைன் பண்ணாட்டி என்னால எல்லாரும் தோத்துப்போவினம்" என்றாள். அந்தப் பிள்ளைகளின் தோல்விக்குத் தான்தான் காரணம் என்று அவள் வாழ்நாள் முழுக்க நினைப்பாளே, அந்தப் பயத்தை என்னால் தாங்க முடியவில்லை.

கையெழுத்து வைத்திருக்கிறேன். எழுத்துக் கோணலாகிவிட்டது, என் கையெழுத்து இல்லை என்று சந்தேகப்பட்டால் போன் எடுக்கச் சொல்லு. அவளுக்கு மூக்கடைத்தால் இரவில் இரண்டு தலையணை வேண்டும். கோபம் வந்தால் கொஞ்ச நேரம் தனியே விடவேண்டும். வேறு என்ன எழுத? நீ நல்லாய்ப் பார்ப்பாய்.

பிறேமா

*

எசன்
09.03.2025

என் அன்பு அக்காவுக்கு,

போன் எடுத்தீர்கள், நான் தொடவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆறாம் திகதி போனோம். பள்ளிக்கூட நூலகத்தில் மேசை போட்டுச் சங்கத்து ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். அதட்டவில்லை, குடிக்கத் தண்ணீர் தந்தார்கள். அதிபரும் இருந்தார். உங்கள் தாள் என் கைப்பைக்குள் இருந்தது. கேட்டதும் எடுத்துக் கொடுப்பதுதான் யோசனை.

ஆனால் அவர்கள் முதலில் மிதுசாவைத்தான் கேட்டார்கள். என்னைக் காட்டி, இவர் உனக்கு யார் என்று.

அதற்கு முன்பு நாங்கள் எதையும் பேசிவைக்கவில்லை, சத்தியமாக இல்லை. அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. ஜெர்மனில், கண்கூட வெட்டாமல் சொன்னாள், "இவ என்ர அம்மா. பிறந்ததில இருந்து இவதான்."

அக்கா, அவள் என்னை அம்மா என்று சொன்னது அதுதான் முதல் தரம். அதைக் கேட்க நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்கு எழுதியும் விட்டேன். கேட்டபோது அந்த ஆசை அப்படியே செத்துப்போனது. ஒரு ஆட்டத்துக்காக உங்களை இல்லாமல் ஆக்க அவளுக்கு மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்கவில்லை. அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது நான். இன்றைக்கு உங்களை இல்லை என்று சொன்னவள் நாளைக்கு யாரை இல்லை என்று சொல்லமாட்டாள் என்று பயந்துவிட்டேன்.

பிறகு என்னைக் கேட்டார்கள். பைக்குள் கை வைத்தேன், தாள் விரலில் பட்டது. அதைக் கொடுத்தால் அந்தப் பொய்தான் வென்றதாகும் என்று வெளியே எடுக்கவில்லை. "இல்லை. நான் இவளின்ர தாய் இல்லை. இவளின்ர தாய் ஹம்பேர்க்கில இருக்கிறா" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு என் குரலே பிடிக்கவில்லை. மிதுசா அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

அரை வருடத் தடை, விசாரணை நாளிலிருந்து. வென்ற ஆட்டங்கள் எல்லாம் அழிந்தன. எங்களிடம் தோற்ற பள்ளிக்கூடம் இறுதி ஆட்டத்துக்குப் போகிறது. பிள்ளையின் பெயரில் குற்றம் எழுதவில்லை, பெரியவர் செய்த பிழை என்று என் பெயரில் எழுதினார்கள். அதைக் கேட்டுத்தான் வாங்கினேன். உங்களுக்கும் அத்தானுக்கும் ஒரு கடிதமும் வராது, தபால்பெட்டியைப் பயப்படாமல் திறவுங்கள்.

மிதுசா என்னோடு கதைப்பதில்லை. ஹம்பேர்க் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமை பின்னேர ரயிலில் உங்கள் மகளை ஏற்றிவிடுகிறேன். என்னைத் திட்டுவாள், திட்டட்டும். விசாரணையில் அவள் சொன்னதை உங்களுக்குத் தானாகச் சொல்லும்வரை நீங்கள் கேட்கவேண்டாம். தெரிந்த மாதிரிக் காட்டவும் வேண்டாம். நீங்கள் கையெழுத்து வைத்த தாளை இதோடு அனுப்புகிறேன். அதைக் கிழிக்கிற உரிமை எனக்கு இல்லை.

கோடை விடுமுறைக்குப் பிறகு அவளுடைய இடம் இங்கே இருக்கும் என்று அதிபர் சொன்னார். திருப்பி அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை, அக்கா. நான் கேட்டால் நீங்கள் தந்துவிடுவீர்கள். அதுதான் எனக்குப் பயம்.

உங்கள் தங்கை
சயந்தினி