ஜூன் என்று எழுதிய கை

ஆகஸ்ட் 7, 2025, வியாழன்

ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளையைச் சேர்க்க வந்தார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லை. "ஜூன் மாசம்னு போட்டுக்கங்க டீச்சர்" என்கிறார் அப்பா. திருப்பி அனுப்பினேன். எங்கள் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் பாலக்கரையில் பாதிப் பேர் ஜூனில்தான் பிறந்திருக்கிறார்கள்!

மகள் கனிஷ்கா நாளைக்குக் காலேஜுக்கு என் ஸ்கூட்டி வேண்டும் என்றாள். சரி என்றேன்.

ஆகஸ்ட் 9

போலீஸ் வந்து என் பெண்ணை அழைத்துப்போய்விட்டது.

நேற்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில், கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவின் சங்கிலியைப் பறித்திருக்கிறார்கள். பறித்தது வளவன், என் பெண்ணோடு படிக்கிறவன். வண்டி ஓட்டியது கனிஷ்கா. அந்த அம்மா விழுந்ததில் தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது.

ஸ்டேஷனில் ஒரு நிமிஷம் கிட்டே விட்டார்கள். "அவன் பறிக்கப்போறது எனக்குத் தெரியாதுன்னு சொல்லுடி" என்று காதில் சொன்னேன். உண்மையில் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 10

பெண்கள் சிறை. பதினைந்து நாள் ரிமாண்ட். கரண்ட் போனா அம்மான்னு கத்துற பொண்ணு. ஜெயில்ல என்ன பண்ணுவா? யார் பக்கத்துல படுப்பா?

ஆகஸ்ட் 11

கணவர் தர்மராஜும் நானும் வக்கீல் ரஷீதாவைப் பார்த்தோம். "பறிச்சது அவன், இவ ஓட்டினா மட்டும்தான்னு சொல்ல முடியாது டீச்சர். பேசிவெச்சு சேர்ந்து செஞ்சா ரெண்டு பேருக்கும் ஒரே குற்றம்தான்."

பிறகு பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பார்த்தார். பிறந்த தேதி 12 ஜூன் 2007. "பதினெட்டு முடிஞ்சு ரெண்டு மாசம்கூட ஆகலை. சம்பவம் நடந்த அன்னிக்குப் பதினெட்டுக்குக் கீழ இருந்திருந்தா ஜெயிலே கிடையாது. இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும், சிறார் இல்லத்துல வெச்சிருப்பாங்க."

உண்மையில் கனிஷ்கா பிறந்தது செப்டம்பர் 12.

2012இல் எனக்கு ஒன்றாம் வகுப்பு கொடுத்திருந்தார்கள். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. செப்டம்பர் என்றால் வயது பத்தாது, அடுத்த வருஷம்தான் சேர்க்கலாம். என் வகுப்பிலேயே உட்காரட்டும் என்று என் கையாலேயே ஜூன் என்று எழுதினேன். மூன்று மாதம்தானே என்று நினைத்தேன்.

"கார்ப்பரேஷன் பர்த் சர்ட்டிபிகேட்ல சரியா இருக்குங்க" என்றார் இவர்.

"முதல்ல ஸ்கூல் ரெக்கார்டைத்தான் சார் எடுத்துப்பாங்க. அது தப்புன்னு யாராவது நிரூபிக்கணும். யார் எழுதினது?"

நான் மார்க் ஷீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12

இவர் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. தர்மராஜ் அழுது நான் பார்த்ததே இல்லை. "நீ சொன்னா வேலை போயிடும். உன் மேலயும் கேஸ் வரும். ரெண்டு பேரும் உள்ள போயிட்டா நான் என்ன பண்றது சொல்லு?"

அவர் சொல்வது தப்பில்லை. எனக்கும் அதே பயம்தான்.

ஆகஸ்ட் 13

என் தலைமையாசிரியர் அறை பீரோவில் அந்தப் பதிவேடு. சாவி என்னிடம். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டால்? நான் செய்தது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தேதி ஆதாரமில்லாமல் எழுதியது என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சியும் அதுதானே.

மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14

சிறையில் பார்த்தேன். "எப்பம்மா வீட்டுக்கு வருவேன்?" வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15

கொடியேற்றினேன். முடிச்சு அவிழாமல் மூன்று தடவை இழுத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மதியமே ரஷீதாவுக்குப் போன் பண்ணி, எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 20

கோர்ட். பதிவேட்டை மேஜையில் வைத்தார்கள். கனிஷ்கா பெயருக்கு நேரே, வயதுக்கு ஆதாரம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"இது யார் கையெழுத்து?" என்றார் மாஜிஸ்திரேட் அம்மா.

"என்னோடதுதாம்மா."

"தப்பான தேதின்னு தெரிஞ்சேதான் எழுதினீங்களா?"

தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "தெரிஞ்சுதாம்மா" என்றேன்.

ஆகஸ்ட் 22

கார்ப்பரேஷன் சான்றிதழை ஏற்றுக்கொண்டார்கள். சம்பவத்தன்று அவளுக்குப் பதினேழு வயது. சிறையிலிருந்து பெண் பிள்ளைகளுக்கான இல்லத்துக்கு மாற்றியாயிற்று. ஆண்டவரே.

சாயங்காலம் தாளாளர் கூப்பிட்டார். சஸ்பெண்ட். பீரோ சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 3

வாசலில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறேன். எனக்குத்தான் சம்மனோ என்று.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றைக்குத்தான் கனிஷ்காவுக்குப் பதினெட்டு. இல்லத்தில் போய்ப் பார்த்தேன். மைசூர்பாகு கொண்டுபோனேன். பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நேத்து குழுமத்துல சொல்லிட்டேம்மா. வளவன் பறிக்கப்போறது எனக்கு முன்னாடியே தெரியும்னு."

எனக்கு உயிரே போய்விட்டது. "ஏன்டி? ரஷீதா மேடத்தைக் கேட்டியா?"

"நீ கோர்ட்ல சொன்னதை மேடம் எங்கிட்டச் சொன்னாங்க. அதுக்கப்புறம் எனக்குப் பொய் சொல்ல வரலை."

நான் சொல்லிக்கொடுத்த பொய். நல்லவேளை அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

கிளம்பும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை என்னம்மா பண்ணுவாங்க?"

"தெரியாதுடி" என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே தெரியாது.