அலுமாரிக்கு மேலிருந்த ட்ரம்பெட்

கல்முனை,
வியாழக்கிழமை

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

"அம்பது வயசாகப்போகுது, அத வெச்சு இன்னும் என்ன செய்யப்போறாய்?" என்று குரல்பதிவில் கேட்டிருந்தீர்கள். பதிலைக் கடிதமாகவே எழுதுகிறேன். லீவில் வந்த உங்கள் கூட்டாளி நளீம் நாளைமறுநாள் டோஹாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

றிஸ்னாவின் கலியாண வேலைகள் ஒழுங்காக நடக்கின்றன. வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. வீட்டு உறுதிப் பத்திரத்தையும் அவள் பெயருக்கு மாற்றியாயிற்று. வாப்பா உங்கள் தங்கையான எனக்குச் சீதனமாகக் கட்டிய வீடு, உம்மா இல்லாத உங்கள் மகளுக்குப் போவதில் எனக்குக் குறையில்லை. நாளை மாப்பிள்ளை வீட்டார் மருதமுனையிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். அதற்குள் ட்ரம்பெட் வெளியே போக வேண்டும் என்கிறீர்கள். அது போகாது.

முதல் ட்ரம்பெட்டை வாப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்தார். வால்வு இறுகியபோது தேங்காயெண்ணெய் விட்டுக் கெடுத்தவரும் அவர்தான், தையல் மெஷின் எண்ணெயால் சரியாக்கியவரும் அவர்தான். நான் பேராதனைக்குப் படிக்கப் புறப்பட்ட அன்று நீங்கள் அதை அம்மியில் அடித்து மடித்தீர்கள். "ஊதுற உதட்டுக்கு எவன் மாப்பிள்ளையா வருவான்?" என்றீர்கள். ஒருவரும் வரவில்லை. அதில் நீங்கள் சொன்னது சரி.

இரண்டாவது, கூடப் படித்தவள் ஒருத்தி தந்தது. கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, வாய் நிறையச் சேற்றோடு வேலியில் கிடைத்தது. மதினியை அடக்கிவிட்டு வந்த நீங்கள் அதைப் பார்த்து, "உன்ட ஊதலாலதான் கடல் வந்த" என்றீர்கள். துயரத்தில் சொன்னது என்று எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. கடலுக்குக் காது உண்டென்று நான் நம்பவில்லை. ஆனாலும் மூன்று வருடம் ஊதவில்லை.

இப்போது அலுமாரிக்கு மேலிருக்கும் மூன்றாவதை வைத்துத்தான் பாடசாலை பாண்டுக்குப் பிள்ளைகளைப் பழக்கினேன். றிஸ்னா ஒன்பது வயதில் அதில் முதல் சத்தத்தை எடுத்தாள். இன்றைக்கும் வால்வுக்கு எண்ணெய் விடுகிறவள் அவள்தான். இது உங்களுக்குத் தெரியாது. அவளிடமே கேளுங்கள். அவள் விடமாட்டாள்.

வெள்ளிக்கிழமை

உறையை இன்னும் ஒட்டவில்லை. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் நான் சந்தைக்குப் போயிருந்த நேரம், தெருவில் வந்த பழைய இரும்புக்காரரிடம் றிஸ்னா ட்ரம்பெட்டைக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் பேசின் வாங்கியிருந்தாள். உங்கள் பேச்சைக் கேட்டுச் செய்தாளா என்று விசாரித்தேன்.

"வாப்பா என்னட்ட ஒண்டும் சொல்லல்ல மாமி. நானாத்தான் குடுத்த. எண்ணெய் விடக்குள்ள எல்லாம் எனக்கு வெக்கமாத்தான் இருந்த."

பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அலுமாரிக்கு மேல் ஒருவரும் பார்க்கவில்லை. ஏசி பூட்ட எந்த அறை வசதி என்று மாப்பிள்ளையின் உம்மா கேட்டார். றிஸ்னா என் அறையைக் காட்டினாள். மாமிக்குக் குசினிக்குப் பின்னாலுள்ள சாமான் அறை போதும் என்றும் அவளே சொன்னாள்.

பேசின் நல்ல தடிப்பம். கலியாணச் சாமான்களோடு எடுத்து வைத்திருக்கிறேன்.

அல்லாஹ் உங்கள் மகளுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். அவளுக்குப் பிறக்கும் பிள்ளையும் அவளைப் போலவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கை சுபைறா