உப்பு அளக்கும் கருவிக்கு ஒரு விளம்பரம்

இஞ்சாருங்கோ,

கிணற்றுத் தண்ணீரின் உப்பை அளக்கும் உங்கள் கைக்கருவிக்கு எங்கே விளம்பரம் போடலாம் என்று என்னிடம் கேட்டுவிட்டு, வவுனியா, கொழும்பு, முகநூல் என்று நீங்களே அடுக்கினீர்கள். “யாழ்ப்பாணப் பேப்பரிலை மட்டும் இப்ப போடாதையும்” என்றும் சொன்னீர்கள்.

உவர்க் கிணறுகள் இங்கேதானே கிடக்கின்றன? வாங்கக்கூடிய சனத்தை விட்டுவிட்டு வேறெங்கோ கூவுகிற வியாபாரியை நான் கண்டதில்லை.

என் தம்பி அடுத்த கிழமை உங்களுடைய கடற்கரைக் காணியை வாங்கி உறுதி எழுதப்போகிறான். தோட்டம் செய்யப்போகிறானாம். தண்ணீரைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

“நல்ல தண்ணியெண்டு அத்தான்தானே சொன்னவர். அவரை நம்பாமல் ஆரை நம்புறது அக்கா?”



கொழும்பிலிருந்து நீங்கள் அனுப்பிய மாதிரிக் கருவியை நேற்று அந்தக் காணிக் கிணற்றுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கூடினால் எரியும் சிவப்பு விளக்கு உடனே எரிந்தது. குறை சொல்ல முடியாது, கருவி நன்றாகவே வேலை செய்கிறது.

விளம்பரத்தை இங்குள்ள பேப்பரிலேயே கொடுத்துவிட்டேன், மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில். “காணி வாங்க முதல் கிணற்றை அளந்து பாருங்கள்” என்பதுதான் வாசகம். அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் தம்பி காலைத் தேத்தண்ணியைத் தொடமாட்டான் என்பது உங்களுக்கும் தெரியும்.

அவனுடைய அக்கா