பதினெட்டு என்று எழுதியிருந்தது

நேற்று நான் எடுக்கும் பயிற்சி வகுப்புக்காக வார்டு டேப்லெட்டைத் திறந்தபோது, நீ இங்கே நோயாளியாகக் கிடந்த நாட்களின் பதிவு வந்தது. பெயரை மறைத்திருந்தார்கள். வயது ஐம்பத்திரண்டு, பன்னிரண்டாம் படுக்கை, நிமோனியா, பெனிசிலின் ஒவ்வாமை, ஆடி மாதத்து அந்த நான்கு நாட்கள். வேறு யாராக இருக்க முடியும்? புதிய செவிலியர்களுக்கு இதுதான் மாதிரிப் பதிவாம். ஒரு கட்டம்கூடக் காலியில்லை என்று கண்காணிப்பாளர் பெருமையாகச் சொன்னார்.

மூச்சு எண்ணிக்கை வரிசையைப் பார்த்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நிமிடத்துக்குப் பதினெட்டு. நீ இறப்பதற்கு முந்தைய மாலையிலும் பதினெட்டு.

நாம் ஒரே வார்டில் செவிலியராக இருந்த காலத்தில், பஞ்சுத்தூசியில் இழுப்பு வந்து சேரும் பனியன் கம்பெனிப் பெண்களின் மணிக்கட்டை, நாடி பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணுவாய். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும் என்பாய். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கிய என்னை, "மிச்ச அரை நிமிசம் அவ மூச்சு விடலியோ?" என்று கேட்டவள் நீ. இருபது வருடமாகியும் உன் தெற்கத்திப் பேச்சு திருப்பூரில் கரையவில்லை.

அந்த மாலை உன்னைப் பார்க்க வந்து மணிக்கட்டைப் பிடித்தேன். "ஏட்டி, என்ட்டயே நாடி பாக்குத மாதிரி நடிக்கியா?" என்றாய், மூச்சு வாங்க மூன்று இடத்தில் நிறுத்தி. எண்ணினேன். முப்பத்துநான்கு. பணியிலிருந்த பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் உன்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள்.

"பதினெட்டுன்னுதானுங்க மேடம் இருக்குது."

நீ சிரிக்க முயன்றாய். "அப்ப நான் நல்லாயிட்டேம்லா. எனக்குத்தான் தெரியல."

டாக்டரும் தன் கைபேசியில் பதிவைப் பார்த்துவிட்டு, சீராகத்தானே இருக்கிறது என்றார். மூன்றாவது அழைப்புக்குத்தான் வந்தார். வந்ததும் தீவிர சிகிச்சைக்கு மாற்றினார். அதற்குள் இரண்டு மணி நேரம் போயிருந்தது. மறுநாள் நீ இல்லை.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. இருபத்தாறு நோயாளிகளுக்கு அவள் ஒருத்தி. எண்ணிக்கொண்டிருந்தால் நேரம் தவறும். தவறினால் கண்காணிப்பாளரின் திரையில் அவள் பெயர் சிவப்பாகும். 'எடுக்கவில்லை' என்று உண்மையைச் சொல்ல ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினாலும் சிவப்புதான். பக்கத்திலேயே 'முந்தையதே' என்று இன்னொரு பொத்தான். ஒரு தட்டலில் பழைய எண்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும், எல்லாம் பச்சையாகும். பொய்க்குப் பச்சை, உண்மைக்குச் சிவப்பு. இதைச் செய்து விற்றவர்களும், வாங்கி எங்கள் கையில் திணித்தவர்களும் ஒரு நாளாவது ஒரு மூச்சை எண்ணியிருப்பார்களா?

வகுப்பில் உன் பதிவையே காட்டினேன். இந்த நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார் என்றார்கள். மறுநாள் இறந்துவிட்டார் என்றேன். டேப்லெட்களைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, ஒருவர் மூச்சை ஒருவர் முழு நிமிடம் எண்ண வைத்தேன். எண்ணாத மூச்சுக்கு 'எடுக்கவில்லை' என்று அழுத்துங்கள், சிவப்பு வரட்டும் என்றேன்.

"திட்டு விழுமுங்களே மேடம்," என்றாள் ஒருத்தி.

என் பெயரைச் சொல் என்றேன்.

இன்று காலை கண்காணிப்பாளர் அழைத்தார். வார்டில் ஒன்பது சிவப்பு. "இப்படியெல்லாம் யாருங்க மேடம் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். நான்தான் என்றேன்.

அன்று உன் படுக்கையருகே நின்ற பெண்ணும் என் வகுப்பில் படித்தவள்தான். நேரம் மிச்சமாகும் என்று 'முந்தையதே' பொத்தானை அவளுக்குக் காட்டிக்கொடுத்தது நான். அதை யார் சொல்லிக்கொடுத்தது என்று இதுவரை எவரும் என்னைக் கேட்கவில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.